மேட்டுநிலப் பறவை வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி?

வட அமெரிக்காவில் காடை, கவுதாரி, புறா போன்ற, நீர்ப்பறவையல்லாத மேட்டுநிலப் பறவைகளின் வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, தோட்டாவை மட்டும் புறப்படுவதற்கு முந்தைய நாள் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு செல்கிறார்கள். பறவையைச் சென்று தொடுவன தோட்டாவுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் சிறிய உலோக உருண்டைகளான ரவைகள்தான். அவை எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு கனமானது, எவ்வளவு சீராகப் பரவுகின்றன என்னும் மூன்றும் பொருந்தி வரவில்லையென்றால், குறி தவறாதவருக்கும் பறவை காயத்தோடு பறந்து போய்ப் புதருக்குள் மறைந்துவிடும். அப்படி மறையும் பறவை மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகிறது. அதைத் தவிர்ப்பதே தோட்டாத் தேர்வின் நோக்கம். பறவை, தூரம், சட்டம், துப்பாக்கி ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

முதல் படி: துப்பாக்கி எதை ஏற்கும் என்று பாருங்கள்

குழலின் மேல் பொறிக்கப்பட்டிருப்பதைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். அங்கே குழலின் உள்ளளவைக் குறிக்கும் கேஜ் எண்ணும் தோட்டா அறையின் நீளமும் இருக்கும். கேஜ் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்: 12 கேஜ் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6 மில்லிமீட்டர், 28 கேஜ் 14 மில்லிமீட்டர். இவற்றோடு சேராமல் 410 போர் என்பது மட்டும் கேஜ் கணக்கில் வராது; அது குழலின் விட்டத்தையே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு என்று குறிக்கிறது.

இங்கே இரண்டு ஆபத்துகளை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால், அது அறையைத் தாண்டி நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவையும் போட்டுச் சுட்டுவிட்டால் குழல் வெடித்துக் கையையோ கண்ணையோ பறித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு கேஜ்களும் வீட்டில் இருந்தால், வேட்டைச் சட்டையின் பைகளை ஒவ்வொரு முறையும் முழுவதும் காலி செய்துவிட்டு, அன்றைய துப்பாக்கிக்கு உரியதை மட்டும் நிரப்புங்கள்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் 2¾ அங்குலம், 3 அங்குலம் என்னும் நீளம், சுட்டு முடிந்தபின் வாய் விரிந்த நிலையில் தோட்டாவுக்கு உள்ள நீளமாகும். வாய் மடிந்திருக்கும் புதுத் தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால், 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் எந்தத் தடையுமின்றி நுழைந்துவிடும். சுடும்போதுதான் விரிய இடமில்லாமல் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று எண்ணிவிடாதீர்கள். நீளம் குறைந்த தோட்டாவை நீளமான அறையில் சுடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால், அதிலும் குழலில் நெளிநெளியான டமாஸ்கஸ் கோடுகள் தெரிந்தால், துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அளந்து சொல்லும்வரை இன்றைய தோட்டா எதையும் அதில் போட வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த உலோகம் அனுமதிக்கப்பட்டது என்று அறியுங்கள்

ஈயம் கனமானது, மென்மையானது; குழலுக்குத் தீங்கு செய்யாமல் பறவைக்குள் ஆழமாக இறங்கும். ஆனால் நிலத்தில் சிதறும் ஈய ரவைகளைப் பறவைகள் இரைப்பைக்கு வேண்டிய பொடிக்கல் என்று கொத்தி விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. இதனால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. மேட்டுநில வேட்டைக்கு அப்படியொரு நாடு தழுவிய தடை இல்லாவிட்டாலும், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்திருக்கிறது. கூட்டாட்சி அரசின் நீர்ப்பறவைப் பெருக்க நிலங்களில் கோழியினப் பறவையான பெசன்டை வேட்டையாடினாலும் நஞ்சற்ற ரவையே கையில் இருக்க வேண்டும். டகோட்டா மாநிலங்களில் நல்ல பெசன்ட் நிலங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. தனியார் நிலத்தில் காலையைக் கழித்துவிட்டு மாலையில் பொது நிலத்துக்குள் நுழைபவர் சட்டைப் பையில் மறந்துபோன இரண்டு ஈயத் தோட்டாக்களும் சட்ட மீறலே. அந்தந்த மாநிலத்தின் அந்த ஆண்டுக்கான விதிமுறைப் புத்தகத்தைப் படிக்காமல் தோட்டா வாங்கக் கூடாது.

ஈயம் கூடாத இடத்தில் முதலில் கண்ணில் படுவது எஃகு. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு 7.8 கிராம்தான். ஒரே அளவுள்ள எஃகு ரவை இலகுவாக இருப்பதால் விரைவில் வேகம் இழந்து ஆழம் குறைவாகவே இறங்கும். ஆகவே எஃகு வாங்கும்போது ஈயத்தைவிட இரண்டு எண் பெரிய ரவையை எடுக்க வேண்டும்: ஈயத்தில் 6 என்றால் எஃகில் 4 (ரவையின் எண் சிறுத்தால் அளவு பெருக்கும்). எஃகு கடினமானது என்பதால், அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய துப்பாக்கிகளிலும் குழல் முனையின் இறுக்கமான சோக் மிக இறுகலாக உள்ள துப்பாக்கிகளிலும் அதைச் சுடக் கூடாது.

பிஸ்மத் இவற்றுக்கு இடைப்பட்டது, அடர்த்தி 9.6. எளிதில் நொறுங்கும் என்பதால் சிறிது வெள்ளீயம் கலந்து வார்க்கிறார்கள். எஃகை ஏற்காத பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஈயம் கூடாத நிலத்துக்குப் போகிறவருக்கு, விலை கூடுதலாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஈயத்தைவிட ஓர் எண் பெரியதாக எடுத்தால் போதும். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிடக் கனமானது; வான்கோழி வேட்டைக்காரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு, ஆனால் புதரிலிருந்து எழும் காடைக்கு அது தேவையே இல்லை.

மூன்றாம் படி: பறவைக்கு ஏற்ற ரவை அளவைத் தீர்மானியுங்கள்

அமெரிக்க ரவை எண்ணை 17இலிருந்து கழித்தால், ரவையின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். எண் 8 என்றால் நூற்றில் 9 பங்கு, அதாவது 2.3 மில்லிமீட்டர்; எண் 4 என்றால் நூற்றில் 13 பங்கு, அதாவது 3.3 மில்லிமீட்டர். எண் சிறுத்தால் ரவை பெருக்கும். ஐரோப்பியத் தோட்டாக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிரிட்டனின் எண் 6 ரவை 2.6 மில்லிமீட்டர், அமெரிக்காவின் எண் 6 ரவை 2.8 மில்லிமீட்டர். பெட்டியில் மில்லிமீட்டர் போட்டிருந்தால் அதையே நம்புங்கள்.

விட்டத்தில் சிறிய வேறுபாடு எடையில் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் எண் 8 ரவைகள் சுமார் 410 இருக்கும். எண் 7½ என்றால் 350. எண் 6 என்றால் 225. எண் 5 என்றால் 170. எண் 4 என்றால் 135. அதாவது எண் 4 ரவை ஒன்று எண் 8 ரவை மூன்றின் கனம் உடையது. கனமான ரவை தொலைவிலும் வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டு தடித்த இறகையும் மார்புத் தசையையும் துளைத்து உள்ளுறுப்பைச் சென்றடையும். சிறிய ரவை எண்ணிக்கையால் இடைவெளியின்றி நிறைந்து சிறிய உடலையும் தப்பவிடாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இந்த இழுபறிக்குள் உங்கள் பறவைக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படி முழுவதும்.

பாப்வைட் காடை 170 கிராம் அளவே எடையுள்ள சிறு பறவை. நாயின் மூக்குக்கு முன்னால் கூட்டமாக வெடித்தெழும்பும். பெரும்பாலும் 25 கஜத்துக்குள்ளேயே சுட்டு முடிந்துவிடும். இதற்கு எண் 8 அல்லது 7½ ரவை முக்கால் அவுன்ஸிலிருந்து ஓர் அவுன்ஸ்வரை தாராளமாகப் போதும். உள்ளான் இனத்தைச் சேர்ந்த உட்காக், ஈரமான இளங்காட்டின் நெருக்கத்தில், இன்னும் அருகில் எழும். எண் 8 அல்லது 9 அதற்கு உரியது. மௌர்னிங் புறா திறந்தவெளியில் விரைந்து செல்வதால் எண் 7½ அல்லது 8 எடுப்பது வழக்கம். உட்காக்கும் புறாவும் அமெரிக்கச் சட்டப்படி வலசைப் பறவைகள் என்பதால், அவற்றை வேட்டையாடும்போது துப்பாக்கி மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு வைத்திருக்க வேண்டும்.

ரஃப்டு கிரௌஸ் அரைக் கிலோவுக்குச் சற்று மேலான பறவை. அடர்ந்த காட்டில் ஒரு கணம் மட்டும் தெரிந்து மறைவதால், இலை உதிராத பருவத் தொடக்கத்தில் எண் 8 அல்லது 7½ ரவையும், மரங்கள் மொட்டையாகிப் பறவை தொலைவிலேயே எழத் தொடங்கியபின் 7½ அல்லது 6 ரவையும் பொருந்தும். சுக்கர் கவுதாரி அப்படியல்ல. ஆசியாவின் வறண்ட மலைகளிலிருந்து கொண்டுவந்து அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேற்றப்பட்ட இந்தப் பறவை, செங்குத்தான பாறைச் சரிவில் மேல்நோக்கி ஓடிக் கீழ்நோக்கிப் பறப்பது. மூச்சிரைக்க ஏறி நிற்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் தூரத்தில்தான் அமையும். இதற்கும், சமவெளிக் கோதுமை நிலங்களின் ஹங்கேரியக் கவுதாரிக்கும் எண் 6 ரவையே என் தேர்வு; காற்றில்லாத நாளில் நல்ல நாயோடு நடந்தால் 7½ போதும்.

பெசன்ட் சேவலைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது காயத்தோடு எளிதில் தப்பிவிடும் பறவை. ஒரு கிலோவுக்கு மேல் எடையும் கடினமான எலும்பும் உடைய இது, இறக்கை முறிந்து விழுந்தாலும் காலால் ஓடி நாணல் புதருக்குள் புகுந்துவிடும். தவிர, எழும்பிய பறவை நம்மைவிட்டு விலகியே பறப்பதால், ரவை வால் பக்கமிருந்து இரைப்பையையும் குடலையும் கடந்துதான் இதயத்தையோ நுரையீரலையோ அடைய முடியும். ஆகவே ஆழம் இங்கே கட்டாயம். ஈயத்தில் எண் 5 அல்லது 6, 1⅛ முதல் 1¼ அவுன்ஸ் என்று தொடங்குங்கள். டிசம்பரில் இறகு தடித்து, பலமுறை விரட்டப்பட்டுப் பழகிய சேவல்கள் 40 கஜத்தில் எழும்போது எண் 4க்கு மாறலாம். எஃகில் எண் 3 அல்லது 2, குறைந்தது 1⅛ அவுன்ஸ். புறாவுக்கு வாங்கி மீந்துபோன எண் 8 தோட்டாக்களைப் பெசன்டுக்குப் பயன்படுத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 20 கஜத்தில் பறவை விழும், ஆனால் அந்த 20 கஜத்தோடு கை நிற்பதில்லை.

எந்தப் பறவை எழும் என்று சொல்ல முடியாத நிலத்தில், ஒரே ஒரு தோட்டாவைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால், எண் 6 ரவையை எடுத்துச் செல்லுங்கள். காடைக்கு அது சற்றுக் கூடுதல், கிழட்டுச் சேவலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் தாங்கும்.

நான்காம் படி: எடை கூடட்டும், வேகத்தில் மயங்காதீர்கள்

தோட்டாப் பெட்டிகள் இன்று வேகத்தை உரத்த குரலில் விற்கின்றன. நொடிக்கு 1,200 அடி என்னும் பழைய அளவோடு ஒப்பிட்டு 1,500 அடி என்று போட்டிருந்தால், கால் பங்கு கூடுதல் பலன் கிடைக்கும் என்று புதியவர் நம்புவது இயல்பு. உருண்டை வடிவம் காற்றைக் கிழிப்பதற்கு மிகவும் மோசமான வடிவம். எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறதோ அவ்வளவு கடுமையாகக் காற்று அதை இழுத்துப் பிடிக்கும். குழல் வாயில் கிடைத்த கூடுதல் வேகத்தில் பெரும்பகுதி 40 கஜத்தை அடைவதற்குள் கரைந்துபோய்விடுகிறது. தோளில் வாங்கிய கூடுதல் உதை மட்டும் கரைவதில்லை. மென்மையான ஈய ரவைகள் திடீர் அழுத்தத்தில் நசுங்கி வடிவிழப்பதும், வடிவிழந்தவை கூட்டத்தைவிட்டு விலகிச் சிதறுவதும் இதன் இன்னொரு விளைவு. ஈயத்துக்கு 1,200 முதல் 1,330 அடி வேகம் எல்லா மேட்டுநிலப் பறவைக்கும் போதுமானது. எஃகு மட்டும் விதிவிலக்கு. இலகுவாக இருப்பதால் அதற்கு 1,400 அடி அளவிலான வேகம் உண்மையிலேயே உதவுகிறது.

ஈயத் தோட்டாவில் கூடுதலாகச் செலவிட விரும்பினால், ரவையின் கடினத்துக்காகச் செலவிடுங்கள். ஆண்டிமனி கலந்து கடினமாக்கிய ஈயமும், அதன்மேல் செம்பு அல்லது நிக்கல் பூசிய ரவையும் நசுங்காமல் உருண்டையாகவே செல்வதால் சீராகப் பரவும், ஆழமாகவும் இறங்கும். பெசன்ட் வேட்டையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். காடைக்கு 20 கஜத்தில் சுடுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

ரவைச் சுமையைத் துப்பாக்கியின் எடையோடு பொருத்திப் பார்ப்பதும் அவசியம். துப்பாக்கி, தான் சுடும் ரவைச் சுமையைப் போல் 96 மடங்கு எடை இருக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. ஓர் அவுன்ஸ் சுமைக்கு 6 பவுண்டு, 1¼ அவுன்ஸுக்கு 7½ பவுண்டு. நாள் முழுவதும் தூக்கி நடப்பதற்கு வசதியாக 6 பவுண்டுத் துப்பாக்கி வாங்கியவர் அதில் 1¼ அவுன்ஸ் தோட்டாவைச் சுட்டால், சில சுடல்களுக்குள்ளேயே உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடவும் தலையைத் தூக்கவும் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். 410 போர் சிறியது, உதைக்காது என்பதற்காக அதைப் புதியவர் கையில் கொடுப்பதும் தவறு. அரை அவுன்ஸ் அளவே ரவை கொண்ட அந்தத் தோட்டா, தேர்ந்த கைக்கு மட்டுமே உரியது. மெல்லிய உடல்வாகு உள்ளவருக்கு முக்கால் அவுன்ஸ் 28 கேஜ் அல்லது ⅞ அவுன்ஸ் 20 கேஜ் தோட்டா நல்ல தொடக்கம்.

ஐந்தாம் படி: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

இதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு. ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது பயனுள்ளது. குழலின் முனையிலுள்ள சோக் என்னும் இறுக்கம், ரவைக் கூட்டம் எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவைகளின் விகிதத்தால் அதை அளப்பது மரபு: சிலிண்டர் 40 சதவீதம், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. இவை பொதுவான அளவுகள் மட்டுமே. ஒரே துப்பாக்கியில் ஒரே சோக்கில் இரண்டு நிறுவனங்களின் எண் 6 தோட்டாக்கள் முற்றிலும் வேறு விதமாகப் பரவுவதை எவரும் காணலாம். எஃகு பெரும்பாலும் ஈயத்தைவிட ஒரு படி இறுக்கமாகவே பரவும்; ஆகவே எஃகுக்கு ஒரு படி திறந்த சோக்கைப் பொருத்துங்கள்.

நான்கடிச் சதுரமான காகிதத்தை, பின்னால் பாதுகாப்பான மண்மேடு உள்ள இடத்தில் கட்டுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். எஃகு ரவை கடினமான பொருளில் பட்டால் திரும்பித் தெறிக்கும். நடுவில் ஒரு புள்ளி இட்டு, உங்கள் பறவை விழப்போகும் தூரத்தில் நின்று, பறவையைச் சுடுவதுபோலவே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிச் சுடுங்கள். பிறகு ரவைகள் மிகவும் நெருங்கியுள்ள இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே உள்ள துளைகளை எண்ணுங்கள். ஒரு காகிதம் எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் மூன்று முதல் ஐந்து காகிதங்கள் வேண்டும்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். 1¼ அவுன்ஸ் எண் 5 ரவையில் 212 ரவைகள் உள்ளன. அவற்றில் பாதி வட்டத்துக்குள் விழுந்தால் ஏழு சதுர அங்குலத்துக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும். ஆனால் நடுவில் குவிந்து ஓரத்தில் வெறுமையாகவும் அதே 106 விழலாம். பறவையின் உடல் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, வட்டத்துக்குள் அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தாலும் அட்டைக்குள் நான்கைந்து துளைகள் அகப்பட்டால் அந்தத் தோட்டா அந்தத் தூரத்துக்குப் போதும். ஒன்றிரண்டே அகப்படும் இடங்கள் தென்பட்டால் ஐந்து கஜம் முன்னே வந்து மீண்டும் சுடுங்கள். அட்டை எந்தத் தூரத்தில் நிறைகிறதோ அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் எழும் பறவையைப் போகவிடுங்கள். துளைகளின் மையம் புள்ளியிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் கோளாறு தோட்டாவில் இல்லை; துப்பாக்கிக் கட்டை உங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை.

இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. முதல் குழலில் திறந்த சோக்கும் சிறிய ரவையும், இரண்டாவதில் இறுக்கமான சோக்கும் ஓர் எண் பெரிய ரவையும் வைத்தால், விலகிச் செல்லும் பறவைக்கு இரண்டாம் வேட்டு பொருத்தமாக அமையும். தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர், இலகுவான தோட்டாக்கள் அதன் இயக்கத்தை முழுமையாக நகர்த்துகின்றனவா என்பதையும் இதே நாளில் சோதித்துக்கொள்ளலாம்.

வேட்டைக்குப் பின்

தேர்ந்தெடுத்த தோட்டா சரிதானா என்பதைப் பறவையைச் சுத்தம் செய்யும்போது பாருங்கள். ரவைகள் தோலுக்கு அடியிலேயே நின்றிருந்தால் அடுத்த முறை ஓர் எண் பெரியதாக எடுங்கள். உடலில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்து பறவை ஓடியே அகப்பட்டிருந்தால், சுமை போதவில்லை அல்லது சோக் மிகவும் திறந்திருக்கிறது. மார்பு முழுவதும் சிதைந்திருந்தால் சோக்கைத் திறவுங்கள், அல்லது பறவை இன்னும் சற்று விலகும்வரை காத்திருங்கள். ஈயத்தால் சுட்ட பறவையில், ரவை சென்ற வழியைச் சுற்றிக் கருத்துப்போன தசையையும் அதனுள் இழுக்கப்பட்ட இறகையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, குழந்தைகள் உண்ணும் வீட்டில் இதில் சலுகை காட்டக் கூடாது. எஃகு ரவை என்றால் சமைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை இறைச்சியின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பல்லில் கடிபடுவதற்கு முன்னால் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும்.